காசு வாங்காத தமிழ்க் கருவிகள் - ஆதமியும் அதற்குப் பின் வந்தவையும்

1554-ம் வருடம் பிப்ரவரி மாதம் போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில் ஒரு சின்னப் புத்தகம் அச்சாகி வெளிவந்தது. கிறிஸ்தவ ஜெபங்களும் அடிப்படைப் போதனைகளும் அடங்கிய புத்தகம். மொழி தமிழ், எழுத்து ரோமன். அதாவது ஏ, பி, சி, டி எழுத்துக்களில் தமிழ்! இன்றைக்கு செல்போனில் "வணக்கம்" என்பதை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறோமே, அதே வேலையை கிட்டத்தட்ட 470 வருடங்களுக்கு முன்பே செய்திருக்கிறார்கள். வின்சென்ட் த நாசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூவர் தயாரித்த நூல் அது. பெயர்கள் போர்த்துக்கீசியம், ஆட்கள் இந்தியர்கள். மணப்பாடு, தூத்துக்குடி, புன்னைக்காயல் என்று நீளும் முத்துக்குளித்துறையில் நடந்து வந்த சமய வேலைக்காகவே அது அச்சடிக்கப்பட்டது.

ரோமன் எழுத்தில் அச்சடித்ததற்குக் காரணம் எளிமையானது. லிஸ்பனில் தமிழ் அச்செழுத்து கிடையாது. இருந்த எழுத்தை வைத்து வேலையை முடித்தார்கள். தமிழ் எழுத்திலேயே ஒரு புத்தகம் அச்சாவதற்கு 1578 வரை, அதாவது இன்னும் 24 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வருடம் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் "தம்பிரான் வணக்கம்" என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். அடுத்து வந்த நூல்களுக்கும் அச்சுக்கூடத்துக்கும் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள் என்பது வரலாற்றில் பதிவான விஷயம்.

சரி, இந்தக் கட்டுரை அச்சுப் புத்தகத்தைப் பற்றியது இல்லை. கம்ப்யூட்டரில் தமிழ் எழுத உதவிய பழைய இலவச எடிட்டர்களைப் பற்றியது. அச்சு வந்தபோது என்ன நடந்ததோ அதுவேதான் 1980களில் கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்தபோதும் நடந்தது, அதனால்தான் லிஸ்பனில் தொடங்க வேண்டியதாயிற்று. இயந்திரம் வந்துவிட்டது, அதில் தமிழ் எழுத்து இல்லை, ரோமன் எழுத்துதான் இருந்தது.

அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று இன்றைய ஆட்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1982-ல் இங்கிலாந்தில் வந்த ஸ்பெக்ட்ரம் என்ற கம்ப்யூட்டரின் நினைவகம் 16 அல்லது 48 கிலோபைட். ஒரு எழுத்தை எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் வரைய வேண்டும். பயன்படுத்துபவர் தன் இஷ்டத்துக்கு வடிவம் மாற்றிக்கொள்ள ஒதுக்கியிருந்த எழுத்துக்கள் மொத்தம் 21. நம்மிடம் இருப்பதோ 247! இந்தியப் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் 1984-85ல் தொடங்கியபோது வந்து இறங்கியது பி.பி.சி. மைக்ரோ. அதிலும் இதே எட்டுக்கு எட்டு கட்டம்தான். எழுத்துக்கு எட்டு எண் கொடுத்து ஒரு கட்டளை போட்டால் புது வடிவம் கிடைக்கும். ஒரு பொழுதுபோக்குக்கு "அ" வரைந்து பார்க்கலாம். ஒரு கடிதம் எழுத முடியாது.

எட்டுப் புள்ளி அகலத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரெண்டு சுழி "ன", மூணு சுழி "ண" இரண்டுக்கும் வித்தியாசமே ஒரு சுழிதான். பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் இருக்க ஒரு புள்ளியை விட்டால் மிச்சம் ஏழு புள்ளி. அதற்குள் மூன்று சுழியும் வர வேண்டும், "ன" என்று ஏமாந்து படிக்காமலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் "எம்" என்ற எழுத்துக்கே அந்த அகலம் இடிக்கிறது. "ஞ", "ணை" எல்லாம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆக, தமிழுக்கு இரட்டைக் கட்டம் வேண்டும். இரட்டைக் கட்டம் என்றால் திரையில் 80 எழுத்து வரும் வரியில் 40 எழுத்துதான் வரும்.

1981-ல் ஐ.பி.எம். பி.சி. வந்தது, பிறகு அதைப் போலவே மலிவு விலைக் கம்ப்யூட்டர்கள் ஊர் ஊராக வந்தன. அதில் ஓடியது டாஸ். கறுப்புத் திரை, மவுஸ் கிடையாது. அதற்குத் தெரிந்த எழுத்துக்கள் 256. முதல் 128-ல் ஆங்கிலமும் எண்களும் கட்டளைக் குறிகளும் உட்கார்ந்துவிட்டன. பின்பாதி 128 இடத்தில் ஐரோப்பிய எழுத்துக்களும் கோடுகளும் இருந்தன. தமிழை வைப்பதானால் இந்தப் பின்பாதியைக் காலி செய்துதான் வைக்க வேண்டும். 1984-ல் வந்த ஈ.ஜி.ஏ. அட்டைக்கு முன்னால் அப்படி எழுத்து வடிவத்தை மாற்றி ஏற்றுவதும் லேசான காரியமாக இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் படமாகத் திரையில் வரைய வேண்டியிருந்தது.

128 இடத்தில் தமிழ் அடங்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் எழுத்து 12-ல் "ஔ"வை "ஒ"வும் "ள"வும் சேர்த்து எழுதிவிடலாம் என்பதால் 11. ஆய்தம் ஒன்று. பிறகு ஒவ்வொரு மெய்க்கும் க, க், கி, கீ, கு, கூ என்று ஆறு வடிவம், 18 மெய்க்கு 108. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு என்று நான்கு. மொத்தம் 124. அடங்கிவிட்டது! நாலு இடம் மிச்சம். ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ வாசலில் நிற்கின்றனவே. அவற்றுக்கும் புள்ளி வைத்தது, இகரம், ஈகாரம் எல்லாம் சேர்த்தால் 128-ஐத் தாண்டிவிடும். "ராஜா" என்று எழுத இடம் வேண்டும் என்றால் வேறு எதையாவது துண்டு துண்டாக உடைத்து ஒட்டவைக்க வேண்டும். எதை உடைப்பது என்பதில் ஒவ்வொரு மென்பொருள்காரரும் ஒவ்வொரு முடிவு எடுத்தார்கள். பின்னால் வந்த அத்தனை குழப்பத்துக்கும் விதை இங்கேதான் விழுந்தது.

இதில் ஒரு நல்ல காரியம் முன்கூட்டியே நடந்திருந்தது. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துக்களின் பழைய வளைந்த வடிவங்கள் போய், மற்ற எழுத்துக்களைப் போலவே துணைக்காலும் கொம்பும் போட்டு எழுதும் முறை வந்தது. அது வராமல் இருந்திருந்தால் மேலே சொன்ன 124-ல் இன்னும் ஏழு வடிவமாவது கூடியிருக்கும், 128-ஐத் தாண்டியிருக்கும். கம்ப்யூட்டரை மனதில் வைத்துச் செய்த சீர்திருத்தம் இல்லை அது. ஆனாலும் கம்ப்யூட்டருக்குச் சரியான நேரத்தில் கை கொடுத்தது.

இந்தச் சூழ்நிலையில்தான் 1980களின் நடுவில் "ஆதமி" வந்தது. செய்தவர் கனடாவில் வாழ்ந்த முனைவர் ஸ்ரீனிவாசன். டாஸில் ஓடும் தமிழ் எழுது கருவி. கம்ப்யூட்டரில் தமிழ் எழுதுவதற்கென்று வந்த மிக முந்திய மென்பொருட்களில் ஒன்றாக இதைச் சொல்வார்கள். ஆங்கில விசைப்பலகையிலேயே ஒலியை அப்படியே ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாகும். விசைப்பலகைக்கு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம், தமிழ் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் பண்ணியிருக்கவும் வேண்டாம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் வைத்து ல-ள, ன-ண, ர-ற என்று பிரிப்பது இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான உத்தி. பின்னாளில் இதே ஸ்ரீனிவாசன் விண்டோஸுக்காக "ஆதவின்" என்ற மென்பொருளையும், அதற்குப் பிறகு "திரு" என்பதையும் செய்தார்.

டாஸ் காலத்தில் ஒரு மென்பொருள் பரவிய விதமே தனி. நெகிழ்தட்டு என்று ஒன்று உண்டு, அதில் 360 கிலோபைட் கொள்ளும். அதை ஒரு கவரில் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். வாங்கியவர் நாலு காப்பி எடுத்து நாலு பேருக்குக் கொடுப்பார். யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் 1983-க்குப் பிறகு சிதறிப் போனவர்கள் கனடாவிலும் ஐரோப்பாவிலும் புதிதாகக் குடியேறிய காலம் அது. ஊர்ச் சங்கத்துக்கு நோட்டீஸ் போட வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிப் பாடம் தயாரிக்க வேண்டும், கையெழுத்துப் பத்திரிகையை அச்சுப் பத்திரிகையாக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் தமிழ் அச்சகம் இருந்தவனுக்கு இந்தத் தேவையின் அருமை புரியாது. தமிழ் மென்பொருளின் தொடக்கக் கதையில் சென்னையைவிட கனடா, மலேசியா, சுவிட்சர்லாந்து, சிங்கப்பூர் என்ற பெயர்களே அதிகம் அடிபடுவதற்கு இதுதான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் இந்தியாவில் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிய ஆராய்ச்சி புனேயின் சி-டாக் நிறுவனம் மூலம் "ஜிஸ்ட்" அட்டையாக வந்தது. கம்ப்யூட்டருக்குள் சொருகும் ஒரு வன்பொருள். சொருகிவிட்டால் வேர்ட்ஸ்டார், டிபேஸ் மாதிரியான ஆங்கில மென்பொருட்களிலேயே தமிழ், இந்தி எல்லாம் தெரியும். தொழில்நுட்பம் என்று பார்த்தால் அருமையான வேலை. ஆனால் அது காசு கொடுத்து வாங்க வேண்டிய அட்டை. அரசு அலுவலகம் வாங்கும், வீட்டில் கதை எழுதுகிறவர் வாங்குவாரா? அட்டையைக் காப்பி எடுத்து நண்பருக்குக் கொடுக்கவும் முடியாதே!

இங்கே கொஞ்சம் பொருளாதாரம். ஒரு மென்பொருளை எழுதி முடிக்கும் வரைதான் செலவு, அதற்குப் பிறகு ஒரு காப்பிக்கு ஆகும் செலவு ஒரு காலித் தட்டின் விலைதான். இதை வைத்து அமெரிக்காவில் ஒருவர் வேடிக்கையான வியாபாரம் செய்தார். பாப் வாலஸ் என்பவர் 1983-ல் "பி.சி. ரைட்" என்ற எழுது கருவியை வெளியிட்டார். தட்டுக்கு 10 டாலர். யார் வேண்டுமானாலும் காப்பி எடுத்து யாருக்கும் கொடுக்கலாம். பிடித்திருந்தால் 75 டாலர் அனுப்பிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அப்படிப் பதிவு செய்தவர் கொடுத்த காப்பியைப் பார்த்து இன்னொருவர் பதிவு செய்தால், முதல் ஆளுக்கு 25 டாலர் கமிஷன்! காப்பி எடுப்பவனைத் திருடன் என்று சொல்லாமல் அவனையே விற்பனைப் பிரதிநிதி ஆக்கிவிட்டார். வணிகவியல் பாடப் புத்தகத்தில் வர வேண்டிய உதாரணம் இது.

இன்னொரு பக்கம் முழு இலவசம். அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்காக ஃப்ரெட் ஃபிஷ் என்பவர் இலவச மென்பொருட்களைத் தட்டுத் தட்டாகத் தொகுத்து ஆயிரத்துக்கும் மேல் வெளியிட்டார். அதில் 591-வது தட்டில் 1991-ல் வந்த ஒரு எடிட்டர்தான் "விம்". நெதர்லாந்தின் பிராம் மூலனார் எழுதியது. பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். மூலனார் 2023-ல் காலமானார். அமிகா போய்ப் பல காலம் ஆகிறது, விம்மை இன்றும் உலகம் முழுக்க நிரலர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஆங்கிலத்துக்கு பி.சி. ரைட்டின் கணக்கு சரிப்பட்டது, ஏனென்றால் வாங்க ஆள் இருந்தது. 1980களில் கம்ப்யூட்டர் வைத்திருந்த தமிழர் எத்தனை பேர், அதில் தமிழில் எழுத விரும்பியவர் எத்தனை பேர், அதிலும் காசு கொடுப்பவர் எத்தனை பேர்? இந்தச் சந்தையை நம்பி யாரும் கடை போட முடியாது. ஆகவே வேறு சம்பளம் இருந்தவர்கள்தான் செய்ய முடிந்தது. முனைவர் கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளர், சூரிய ஒளி மின்கலத் துறையில் பெயர் பெற்றவர். 1990களின் தொடக்கத்தில் அவர் "மயிலை" என்ற எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். மெக்கின்டாஷ், விண்டோஸ், யுனிக்ஸ் மூன்றிலும் ஓடும். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985 முதலே "முரசு" வேலையில் இறங்கியவர். அவர் வியாபாரமாகவும் நடத்தினார், கூடவே "முரசு அஞ்சல்" என்பதை இலவசமாகவும் விட்டார். தமிழில் முதன்முதலாக மின்னஞ்சல் எழுதிய எத்தனையோ பேருக்கு அந்த இலவச அஞ்சல்தான் கை கொடுத்தது. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி தமிழாசிரியர், எழுத்தாளர். கம்ப்யூட்டர் அவர் படித்த துறையே இல்லை. "கணியன்" எழுத்துருவை உருவாக்கி, 1995-ல் சிங்கப்பூர்க் கவிதைகளை இணையத்தில் தமிழ் எழுத்தில் ஏற்றியதில் பெரும்பங்கு அவருடையது. 1999-ல் அவர் இறந்தபோது தமிழ் இணைய உலகமே துக்கம் கொண்டாடியது.

இவ்வளவு நல்ல மனம் படைத்தவர்கள் சேர்ந்து ஒரு பெரிய தலைவலியையும் உண்டாக்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரவர் எழுத்துருவில் அவரவர் வரிசை. ஒருவரின் 171-வது இடத்தில் "அ" இருந்தால் இன்னொருவரின் 171-ல் "கூ" இருக்கும். மயிலையில் எழுதியதை முரசில் திறந்தால் குப்பை. ஒரு கடிதம் அனுப்பினால் கூடவே எழுத்துருவையும் அனுப்ப வேண்டும். கடைகளில் விற்ற எழுத்துருக்கள் இன்னும் மோசம், ஒவ்வொரு பத்திரிகைக்கும் தனி வரிசை. 1990களில் டி.டி.பி. சென்டர்களில் அடித்த எத்தனையோ புத்தகங்களின் கோப்புகள் இன்று எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரியாமல் திறக்க முடியாதவையாக ஆகிவிட்டன. ஒரு வேடிக்கை பாருங்கள். அதே காலத்தில் ரோமன் எழுத்திலேயே இணையக் குழுக்களில் எழுதிப் போட்ட தமிழ் இன்றும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கிறது. பார்க்க அசிங்கம், படிக்கக் கஷ்டம், ஆனால் ஒரு எழுத்தும் அழியவில்லை.

இலவசமாகக் கொடுத்தால் பரவும். பரவிய பிறகு ஒன்றோடொன்று பேச வேண்டுமே, அதற்கு எல்லோரும் உட்கார்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுதான் நிஜமான செலவு, அதை எந்தத் தனி ஆளாலும் சொந்தக் காசில் செய்ய முடியாது. 1997-ல் சிங்கப்பூரில் ஒரு மாநாடு, 1999 பிப்ரவரியில் சென்னையில் "தமிழ் இணையம் 99" மாநாடு. சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. தமிழக அரசு "டாம்", "டாப்" என்ற இரண்டு குறியீடுகளை ஏற்றது. இணையத்தில் மின்னஞ்சல் குழு வைத்து விவாதித்தவர்கள் "திஸ்கி" என்ற குறியீட்டோடு நின்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, நஷ்டம் வாசகனுக்கு!

அந்த மாநாட்டில் உருப்படியாக வந்தது தமிழ் 99 விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஆய்தம், ஆக 31 விசையில் அத்தனை தமிழும் முடிந்தது. உயிர் இடது கையில், பெரும்பாலான மெய் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். "அம்மா" என்று எழுத ரோமன் முறையில் ஐந்து தட்டு, தமிழ் 99-ல் நாலு. தமிழில் யோசித்துத் தமிழில் தட்டுவதற்கு இதைவிடச் சிறந்த முறை வரவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் ஜெயித்தது என்னவோ ஆதமி காலத்து ரோமன் முறைதான். புதிதாக எதையும் கற்க வேண்டாம் என்பதற்கு முன்னால் சிறந்தது என்பது தோற்றுப்போகும். பாவம்!

இந்தக் கருவிகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மதுரைத் திட்டத்தைக் காட்டினால் போதும். 1998 பொங்கல் அன்று தொடங்கியது. கல்யாணசுந்தரமும் அவரோடு சேர்ந்த தன்னார்வலர்களும் திருக்குறள் தொடங்கி ஒவ்வொரு நூலாகத் தட்டச்சு செய்து இலவசமாக வைத்தார்கள். பல நாடுகளில் இருந்தவர்கள் ஆபீஸ் முடிந்து வந்து ராத்திரி உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் அடிக்க இன்னொருவர் பிழை பார்க்க, கூலி யாருக்கும் கிடையாது. இலவச எழுத்துரு இல்லாமல் இது நடந்திருக்காது. பக்கத்தில் நூலகம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு சங்க இலக்கியம் படிக்கும் மாணவனுக்கு இதன் மதிப்பு தெரியும்.

1991-ல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியிருந்தார்கள். வரிசை இந்திய அரசின் இஸ்கி குறியீட்டிலிருந்து எடுத்தது, ஆகவே தமிழில் இல்லாத வர்க்க எழுத்துக்களுக்கு உரிய இடங்கள் காலியாகக் கிடக்கும். தமிழ் வல்லுநர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் விண்டோஸ் 2000-ல் யூனிகோடு தமிழும் "லதா" எழுத்துருவும் சேர்ந்தே வந்துவிட்டன. அதே சமயத்தில் "தமிழா" குழு கொடுத்த "இ-கலப்பை" இறங்கியது. அதுவும் இலவசம்தான். ஒரு விசையைத் தட்டினால் எந்த மென்பொருளிலும் தமிழ் விழும், தனி எடிட்டரே தேவையில்லை. தமிழ் வலைப்பதிவுகள் 2003 வாக்கில் கிளம்பியபோது பெரும்பாலானோர் உழுதது இந்தக் கலப்பையில்தான் :-) தமிழக அரசு 2010 ஜூனில் கோவை செம்மொழி மாநாட்டின்போது யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது.

ஆதமி ஓடிய டாஸ் இன்று யார் மேசையிலும் இல்லை. மயிலை எழுத்துருவில் அடித்த கோப்பு எங்காவது கிடைத்தால் எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம், அந்த மாற்றிகளும் யாரோ இலவசமாக எழுதி வைத்தவையே. ஐபோனில் 2013-ல் தமிழ் விசைப்பலகை சேர்ந்தபோது அதில் இரண்டு முறைகள் வந்தன. ஒன்று தமிழ் 99. மற்றது, டாஸ் காலத்திலிருந்து தமிழ் மென்பொருள் செய்து வந்த முத்து நெடுமாறனின் அஞ்சல்.